வீடே வார்டு ஆகும்போது

எங்கள் அம்மா மூன்று வருஷம் பாதத்தைக் கதவில் முட்டுக்கொடுத்துத்தான் தூங்கினார். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை வீடு. பாய் விரித்தால் நாலு பேர் படுக்கலாம், ஐந்தாவது ஆள் வாசலுக்குக் குறுக்கே படுக்க வேண்டும். அந்த இடம் அம்மாவுடையது. நோய் வந்த புதிதில் ஒரு ராத்திரி தம்பி யாருக்கும் தெரியாமல் எழுந்து, வெறுங்காலோடு கல்மண்டபம் வரை நடந்து போய்விட்டான். விடியற்காலையில் பால் வாங்கப் போன தெரிந்தவர் ஒருவர் பார்த்துக் கூட்டிவந்தார். அன்றைக்கு ஆரம்பித்த ஏற்பாடு இது. கதவு அரை அங்குலம் அசைந்தாலும் அம்மாவின் பாதத்துக்குத் தெரிந்துவிடும்.

தம்பிக்கு வந்திருப்பது மனச்சிதைவு நோய், இங்கிலீஷில் ஸ்கிசோஃப்ரினியா. 11 வருஷம் ஆகிறது. அவனுக்கு மருந்து எழுத டாக்டர் உண்டு, ஊசி போட நர்ஸ் உண்டு. அம்மா செய்த வேலைக்கு மட்டும் பேர் கிடையாது. "யார் பார்த்துக்கிறாங்க?" என்று ஓபி சீட்டு எழுதுகிறவர் கேட்பார், "நான்தான்" என்று அம்மா சொல்வார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்தப் பார்த்துக்கொள்வது என்பது என்ன வேலை, அது ஏன் குடும்பத்தின் தலையில் வந்து விழுந்தது, எப்படிச் செய்தால் நோயாளியும் தேறுவார், பார்ப்பவரும் படுக்கையில் விழாமல் இருப்பார் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் 'கீழ்ப்பாக்கம்' என்பது ஒரு வசவு. "கீழ்ப்பாக்கம் கேஸு" என்றால் போதும், அந்த ஆளின் பேச்சுக்கு அதற்கப்புறம் மதிப்பில்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே நாங்கள் எட்டு மாசத்தை வீணடித்தோம். அந்தப் பேரால் சுட்டப்படும் அரசு மனநலக் காப்பகம் அயனாவரத்தை ஒட்டி, மேடவாக்கம் குளம் சாலையில் இருக்கிறது. ஓட்டேரி, பெரம்பூர்க்காரர்களுக்கு அது பக்கத்து ஏரியா. 1794-ல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சின்னதாக ஆரம்பித்து, 1871-ல் இப்போதைய இடத்துக்கு வந்தது. உள்ளே போனவர் வெளியே வரமாட்டார் என்ற பயம் அந்தப் பழைய காலத்திலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் அது பொய்யும் இல்லை. நோயைக் கட்டுப்படுத்தும் மருந்துகளே 1950-களில்தான் உலகத்துக்குக் கிடைத்தன. அதுவரை அடைத்து வைப்பதைத் தவிரப் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை.

1961 முதல் 1978 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்வார்கள். 1984-ல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கியவரும் அவர்தான். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போக வேண்டியவர், அதற்குக் குடும்பத்தைத் தயார்படுத்த வேண்டும் என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார். 2021-ல், 98 வயதில் மறைந்தார். இன்றைக்கு அந்த ஆஸ்பத்திரிக்குள் போனால் பெரும்பாலானவர்கள் காலையில் வந்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் வீடு திரும்புகிறவர்கள்தான். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம் என்றால் நம்ம ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு கிடையாது. சொல்லத் தயங்கி மாசக்கணக்கில் வீட்டுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன். மனச்சிதைவில் வைத்தியம் எவ்வளவு தள்ளிப்போகிறதோ, தேறுவதும் அந்த அளவுக்குக் கடினமாகும்.

தள்ளிப்போடுவது நாங்கள் மட்டும் இல்லை. பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினையோடு இருந்தார்கள். நோயின் வகையைப் பொறுத்து, அதில் 70 முதல் 92 சதவீதம் பேர் வைத்தியம் பெறாமல் இருந்தார்கள். அத்தனை பேரும் எங்கே இருந்திருப்பார்கள்? ஒரு வீட்டில், ஒரு அம்மாவோ மனைவியோ அக்காவோ பார்த்துக்கொள்ள, இருந்திருப்பார்கள்.

மேலை நாடுகளில் பெரிய மனநோய் விடுதிகளை மூடியபோது நோயாளிகளை எங்கே அனுப்புவது என்பது பெரிய கேள்வியாக இருந்தது. இங்கே அந்தக் கேள்வியே எழவில்லை. படுக்கைகள் எப்போதுமே குறைவு, குடும்பம் எப்போதுமே இருந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் ஒரு காரியம் செய்தார். மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டு, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்தார். என்ன நோய், எப்படி நடந்துகொள்வது என்று அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியின் மனநல மையம் பாகாயத்தில் 1957-ல் தொடங்கியபோதும் அதே வழிதான்: கூட ஒருவர் தங்க வேண்டும். குடும்பத்தை வைத்தியத்தில் சேர்ப்பது என்ற இந்த யோசனைக்கு நம் நாடு உலகத்துக்கே முன்னோடி. அந்த இரண்டு இடங்களிலும் குடும்பத்துக்கு வேலையைக் கொடுப்பதற்கு முன் கற்றுக்கொடுத்தார்கள். பின்னால் வந்த நாட்களில் பெரும்பாலான இடங்களில் வேலை மட்டும் குடும்பத்திடம் தங்கிவிட்டது, கற்றுக்கொடுப்பது நின்றுபோனது. ஓபியில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிஷம். அதற்குள் டாக்டர் எதைச் சொல்ல முடியும்?

சரி, எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

1950-களின் கடைசியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார். ஆஸ்பத்திரியில் தேறி வெளியே போன மனச்சிதைவு நோயாளிகளில், அப்பா அம்மாவிடமோ மனைவியிடமோ போனவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது. தனியாக விடுதியில் தங்கியவர்கள், அண்ணன் தங்கை வீட்டுக்குப் போனவர்கள் ஓரளவு நன்றாக இருந்தார்கள். பாசம் அதிகமான இடத்தில் நோய் ஏன் திரும்ப வேண்டும்? அடுத்த இருபது வருஷ ஆராய்ச்சியில் மூன்று விஷயங்கள் தெரிந்தன. ஓயாமல் குறை சொல்வது ஒன்று. வெறுப்பைக் காட்டுவது இன்னொன்று. மூன்றாவது, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைப்பது. இவை இருக்கும் வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருப்பவர்களுக்கு நோய் திரும்புவது இன்னும் கூடுதல்.

இதை முதன்முதலில் ஒரு மனநல சமூகப் பணியாளர் எங்களுக்கு விளக்கியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வாரத்துக்கு 35 மணி நேரமா? எங்கள் வீட்டில் ஒரே அறை. அவன் திரும்பிப் படுத்தால் என் மேல் இடிப்பான். எங்களால்தான் அவனுக்கு நோய் வந்தது என்று சொல்ல வருகிறாரோ என்றும் நினைத்தேன். அப்படி இல்லை. குடும்பம் யாருக்கும் மனச்சிதைவை வரவழைப்பதில்லை. மூளையின் வேதியியல், பரம்பரை, இன்னும் பல காரணங்கள் சேர்ந்து வரும் நோய் அது. வந்த பிறகு வீட்டின் சூடு அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும், அவ்வளவுதான். சர்க்கரை நோயாளி வீட்டில் சாப்பாடு எப்படியோ, இங்கே பேச்சு அப்படி. பின்னாளில் சண்டிகரில் இதே ஆராய்ச்சியைச் செய்தபோது, நம் ஊர்க் குடும்பங்களில் அந்தச் சூடு லண்டன் குடும்பங்களை விடக் குறைவாகவே இருந்தது. அதைக் கேட்டபோது கொஞ்சம் மனசு ஆறியது.

எங்கள் வீட்டில் இரண்டு சூடும் இருந்தன. அப்பா துறைமுகத்தில் லோடு வேலை பார்த்தவர். உழைக்காத உடம்பைப் பார்த்தால் அவருக்கு ஆகாது. மத்தியானம் பன்னிரண்டு வரை படுத்திருக்கும் 24 வயசு மகனைப் பார்த்து, "தடிமாடு மாதிரி இருக்கான், என்னா நோவு இவனுக்கு?" என்பார். அந்தப் படுக்கைதான் நோவு என்று எங்களுக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாகத் தோன்றுவது, இவையெல்லாம் மருந்தில் குறைகின்றன. குளிக்கத் தோன்றாமல் இருப்பது, பேச வார்த்தை வராமல் இருப்பது, எதிலும் ஆசை இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது, இவையும் அதே நோயின் பாதி. இந்தப் பாதி மருந்துக்கு அவ்வளவு சீக்கிரம் அசையாது. வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு இது சோம்பேறித்தனம்.

அம்மாவின் சூடு வேறு மாதிரி. சோறு பிசைந்து ஊட்டிவிடுவார். சட்டை பட்டனைப் போட்டுவிடுவார். அவன் யாரிடமாவது பேச வாயைத் திறந்தால் அம்மா பதில் சொல்லிவிடுவார். ஆறு மாசத்தில் பட்டன் போடுவதையே விட்டுவிட்டான். எந்த வேலையை அவனால் அரைகுறையாகவாவது செய்ய முடியுமோ அதை நாம் செய்யக்கூடாது என்று அந்தச் சமூகப் பணியாளர் சொன்னார். முதல் வேலை, ராத்திரி குடத்தை நிரப்பி வைப்பது. பாதித் தண்ணீர் தரையில் ஊற்றும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு துடைப்பார், எதுவும் சொல்லமாட்டார். அது பெரிய படிப்பு.

ஒற்றை அறை வீட்டில் 35 மணி நேரத்தை எப்படிக் குறைப்பது என்பதற்கு எங்கள் பகுதிக் குடும்பங்களே வழி கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. மாடி. பொது நூலகம். பெரிய கோயில் பிரகாரத்தில் கூட்டமில்லாத மத்தியானம். எங்கள் அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைக் காசிமேட்டுப் பக்கம் கடலோரம் கொட்டியிருக்கும் கருங்கல் மேல் கூட்டிப்போய் உட்காரவைக்க ஆரம்பித்தார். இரண்டு பேரும் பேசமாட்டார்கள். அப்பா பீடி குடிப்பார், அவன் அலையைப் பார்ப்பான். வீட்டில் எங்களுக்கு மூன்று மணி நேரம் மூச்சு கிடைக்கும். அப்பா திட்டுவது குறைந்ததற்கு எந்த ஆலோசனையையும் விட அந்தக் கல்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, அவர்கள் சொல்வதற்கு என்ன பதில் சொல்வது. மெட்ரோவுக்குப் பூமிக்கடியில் சுரங்கம் தோண்டிய சமயம் அது. ராத்திரி அந்த அதிர்வில் தன் பேரை யாரோ சொல்கிறார்கள் என்பான் தம்பி. "யாரும் இல்லடா, மெஷின்டா அது" என்று நான் மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். விளைவு, நானும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தவள் என்று முடிவு செய்தான். பக்கத்து வீட்டு ஆயா வேறு வழியில் போனார்: "ஆமா நைனா, எனக்கும் கேக்குது, நான் தொரத்திட்டேன்." அன்றைக்கு ராத்திரி அவன் பயம் இரண்டு மடங்கானது. ஆயாவுக்கே கேட்கிறது என்றால் உண்மைதானே?

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. சத்தத்தைப் பற்றிப் பேசாமல் பயத்தைப் பற்றிப் பேசுவது. "எனக்கு அது கேக்கலடா. உனக்குக் கேக்குதுன்னு புரியுது. பயமா இருக்கா? வா, மாடியில கொஞ்ச நேரம் உக்காரலாம்." அவன் கேட்பது பொய்யாக இருக்கலாம், அவன் பயம் பொய் இல்லை. மூளைக்குள் கேட்கும் குரலுக்கும் நாம் பேசும் குரலுக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. இந்தப் பதிலை வாய்க்குப் பழக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. இப்போதும் களைப்பாக இருக்கும் நாளில் பழைய வாதாட்டம் வந்துவிடும்.

மருந்து விஷயத்தில் வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வயிற்றுப் புரட்டல் போன்ற தொந்தரவுகள் முதல் நாளே வந்துவிடும். அதனால்தான் பத்தாவது நாள் "இது ஒத்துக்கல" என்று தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்துகளில் சிலருக்குக் கை நடுங்கும், உடம்பு விறைக்கும், ஒரு இடத்தில் உட்காரவே முடியாமல் நடந்துகொண்டே இருப்பார்கள். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று நாங்கள் அலறினோம். டாக்டரிடம் சொன்னதும் அளவை மாற்றி, கூட ஒரு மாத்திரை கொடுத்தார், ஒரு வாரத்தில் நின்றது. ஓலான்சபின் எடை போட வைக்கும், சர்க்கரையையும் ஏற்றும். டாக்டர் கேட்காவிட்டாலும் எடையையும் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லி நாமே கேட்கலாம். தினமும் மாத்திரை போட மறுப்பவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ மாசத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு நடந்த சண்டை அந்த ஊசியோடு முடிந்தது.

ஓபி வரிசையில் பழக்கமான ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீன்பிடிக்குப் போகிறவர் அவர் கணவர். அவருக்கு இருமுனை மனநோய்: சில மாசம் தூங்காமல், நிற்காமல், கையில் உள்ள காசையெல்லாம் வாரி விடுவார், சில மாசம் படுத்த பாயை விட்டு எழமாட்டார். லித்தியம் மாத்திரையில் நன்றாக இருந்தார். ஒரு அக்னி நட்சத்திரத்தில் படகில் இரண்டு நாள் வெயிலில் கிடந்து, முதுகுவலி என்று கடையில் ஒரு வலி மாத்திரையும் வாங்கிப் போட்டிருக்கிறார். கரைக்கு வந்தபோது கை உதறியது, நாக்கு குழறியது, நடை தள்ளாடியது. குடித்திருக்கிறார் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த அக்கா மட்டும் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகும். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளும் அதை ஏற்றிவிடும். இதைச் சேர்த்துச் சொல்ல யாருக்கும் நேரம் இருந்திருக்கவில்லை. லித்தியம் சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால் தண்ணீர் குடிக்க வைப்பது, வாந்தி பேதி வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுவது, டாக்டர் சொல்லும் நாளில் ரத்தத்தில் அளவு பார்ப்பது, இந்த மூன்றும் பார்த்துக்கொள்பவரின் வேலை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாத்திரையை நிறத்தால்தான் அடையாளம் வைத்திருந்தார்: மஞ்சள் ராத்திரிக்கு, வெள்ளை காலைக்கு. ஒரு மாசம் மருந்து கொடுக்கும் இடத்தில் வேறு கம்பெனி மாத்திரை வந்து, மஞ்சளும் வெள்ளையாகிவிட்டது. யாரும் சொல்லவில்லை. நாலு நாள் ராத்திரி மாத்திரையைக் காலையிலும் கொடுத்து, பையன் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தான். அப்புறம் நான் பழைய தீப்பெட்டிகளை எடுத்து, ஒன்றில் சூரியனும் ஒன்றில் நிலாவும் வரைந்தேன். மருந்து வாங்கி வந்த அன்றைக்கே பிரித்துப் போட்டுவிடுவோம். இன்றைக்கும் அந்த ஏற்பாடுதான்.

தேறிய பிறகு மாத்திரையை நிறுத்துவதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குகின்றன. அதுவும் கல்யாணப் பேச்சு வந்துவிட்டால். "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்ல ஒரு மாமாவாவது எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். பெண் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று மாத்திரையை நிறுத்துவார்கள். கல்யாணச் சத்தம், தூக்கம் இல்லாத இரவுகள், மாத்திரையும் இல்லை. மூன்றாவது மாசம் நோய் திரும்பும். அப்போது பார்த்துக்கொள்ள அந்த வீட்டுக்குள் வந்திருப்பவள் எதுவும் தெரியாத ஒரு இருபது வயசுப் பெண். நோயைச் சொல்லிச் செய்த கல்யாணங்கள் நன்றாக நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். மறைத்துச் செய்வதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

நோய் திரும்புவதற்கு முன் தூக்கம்தான் முதலில் கெடும். மளிகைக் கடையில் கொடுத்த மாசக் காலண்டரில் தம்பி தூங்கிய மணி நேரத்தை அம்மா கோடு போட்டு வைப்பார், ஒரு மணிக்கு ஒரு கோடு. எட்டுக் கோடு இருந்த இடத்தில் தொடர்ந்து மூன்று நாள் நாலு கோடு என்றால் அடுத்த ஓபி தேதிக்குக் காத்திருக்கமாட்டோம். ஒவ்வொருவருக்கும் இன்னொரு தனி அடையாளமும் இருக்கும். தம்பி டிவி மேல் போர்வையைப் போட்டு மூடினால் அதுதான். டாக்டர்கூட அந்தக் காலண்டரை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் பேசுகிறார்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் நாங்களும் போனோம். வேப்பிலை அடித்தோம், தாயத்துக் கட்டினோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை, அம்மாவுக்கு அழ ஒரு இடம் வேண்டியிருந்தது. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடத்துக்கும், கட்டிப்போடும் இடத்துக்கும் மட்டும் போகக்கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நம்பி மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் இருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களைக் கொண்டுபோய் விட்டதும் யாரோ ஒரு அம்மா, யாரோ ஒரு அண்ணன்தான். கொடுமைக்காரர்கள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு வழி யாரும் சொல்லித் தராத, தூங்கிப் பல வருஷம் ஆன மனிதர்களாக இருந்திருப்பார்கள்.

இன்றைக்குச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் பார்த்துக்கொள்பவருக்கு உதவுகிற விஷயங்கள் நிறைய உண்டு. நிலைமை முற்றி, நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தால், அவருக்காகப் பேச உரிமை உள்ள பிரதிநிதி விண்ணப்பித்து, மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொண்டால், 30 நாள் வரை சேர்த்துக்கொள்ளலாம். வழிதெரியாமல் அலைகிறவரைப் போலீஸ் பார்த்தால் 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக்கூடாது. உடல்நோய்க்குக் கொடுப்பது போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பயத்தை விடுங்கள்.

வீட்டில் ஒருவர் "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று பேச ஆரம்பித்தால், சாகணும்னு தோணுதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. உள்ளே இருந்ததைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வரும். ஆமாம் என்றால் தனியாக விடக்கூடாது, மாத்திரைகளைப் பூட்டி வைக்க வேண்டும், அன்றைக்கே ஆஸ்பத்திரி. 14416 என்ற எண்ணில் நாள் முழுக்க, இலவசமாக, தமிழில் பேசலாம். 2022-ல் தொடங்கிய அரசுச் சேவை அது. அதில் நோயாளிதான் பேச வேண்டும் என்று இல்லை, பார்த்துக்கொள்பவரும் பேசலாம். நான் பேசியிருக்கிறேன்.

ஏனென்றால் பார்த்துக்கொள்பவரும் நோயாளி ஆகிறார். மூன்று வருஷம் பாதி விழிப்பில் படுத்த அம்மாவுக்குச் சர்க்கரை முன்னூறைத் தாண்டியது. அந்தப் பாதத்திலேயே புண் வந்தது. தம்பியைக் கூட்டிக்கொண்டு ஓபி வரிசைக்குப் போய்ப் போய், பார்த்துவந்த இரண்டு வீட்டு வேலையும் போனது. ஒரு நாள் வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறொரு அம்மாவிடம் எங்கள் அம்மா சொன்னார்: "எனக்கு முன்னாடி அவன் போயிடணும், அவ்ளோதான் நான் வேண்டிக்கிறது." அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை. தலையை ஆட்டினார். அவரும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தார். நான் ஆடிப்போனேன். பிள்ளைமேல் பாசம் இல்லாமல் வரும் வார்த்தை இல்லை அது. தனக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் வரும் வார்த்தை.

அன்றைக்கு ராத்திரிதான் நாங்கள் வேலையைப் பிரித்தோம். சட்டென்று ஒத்துக்கொள்ள அம்மாவுக்கு மனசு வரவில்லை, "என்னை மாதிரி யார் பார்ப்பாங்க" என்றார். உண்மைதான், அம்மா மாதிரி யாரும் பார்க்கமாட்டார்கள். இருந்தாலும் ஓபிக்குக் கூட்டிப்போவது என் வேலை ஆனது. ஞாயிறு அப்பா. வாரத்தில் இரண்டு ராத்திரி சித்தப்பா மகன் வந்து கதவோரம் படுப்பான், அம்மா எண்ணூரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்த் தூங்குவார். முதல் ராத்திரி பதினாலு மணி நேரம் தூங்கினாராம். சித்தி பயந்துபோய் மூக்கருகில் கை வைத்துப் பார்த்தாளாம். உறவில் ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வது என்றால், ஓபி வரிசையிலேயே இருக்கிறார்கள். இரண்டு குடும்பம் பேசிவைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் நடக்கிறது. நாள்பட்ட மனநோய் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மாற்றுத்திறனாகக் கருதப்படுகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்றிதழ் கிடைத்தால் பல அரசு உதவிகளுக்கு வழி திறக்கும். 'அந்த அட்டையை வாங்கினால் முத்திரை குத்திவிடுவார்கள்' என்று தள்ளிப்போடுகிறவர்களிடம் நான் சண்டை போட்டாவது வாங்க வைக்கிறேன்.

தம்பி இப்போது கொருக்குப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் அரை நாள் வேலைக்குப் போகிறான். குரல்கள் முழுசாகப் போகவில்லை, தூரத்து ரேடியோ மாதிரி கேட்கிறது என்கிறான். போன வருஷம் நன்றாக இருந்த ஒரு நாளில், அந்தச் சட்டத்தில் சொல்லியிருக்கும் பிரதிநிதியை எழுதி வைக்கலாமா என்று கேட்டேன். நோய் முற்றி அவனால் முடிவெடுக்க முடியாதபோது அவனுக்காகப் பேச வேண்டியவர் யார் என்று அவனே எழுதிக் கையெழுத்துப் போடலாம். வெள்ளைத்தாள் போதும், சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் பேரைத்தான் எழுதுவான் என்று எங்கள் எல்லோருக்கும் நினைப்பு. அவன் பட்டறையில் கூட வேலை பார்க்கும் நண்பன் பேரை எழுதினான்.

அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நான்தான் அவனைக் கேட்டேன், ஏன்டா அம்மா பேரை எழுதல என்று. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு, ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அம்மா அழும்க்கா. அவன் அழமாட்டான், ஆட்டோ கூப்பிடுவான். அம்மா தூங்கட்டும்."

அம்மா அப்போது அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்தது. அன்றைக்கு ராத்திரி பாயைச் சுவரோரமாக, உள்ளே தள்ளிப் போட்டார்.